பாட்டன் எழுதிய ஓலை

"உங்க வூட்ல யாருக்காவது வலிப்பு இருந்துச்சாம்மா?"

இந்தக் கேள்வி எப்போதும் தாயைப் பார்த்தே கேட்கப்படுகிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அவள்தான் என்பதால் இருக்கலாம். பக்கத்தில் தகப்பன் நின்றால்கூட அவன் மருந்துச் சீட்டை வாங்கப் போகிறவன், வண்டி பார்க்கப் போகிறவன். கேள்வியில் வரும் 'உங்க வூடு' என்பது பெண்ணின் பிறந்த வீடு என்றே மூன்று பேரும் புரிந்துகொள்கிறார்கள். கேட்டவர், கேட்கப்பட்டவள், வாசலில் நிற்கும் மாமியார்.

திருநாவலூர்ப் பக்கம் எங்கள் தெருவுக்கு வாழ வந்த ஒரு பெண்ணிடம் இந்தக் கேள்வியை ஏழெட்டு இடங்களில் கேட்டார்கள். அவள் பெயர் இங்கே வேண்டாம். அவள் மகளுக்கு ஆறு மாதத்தில் தடுப்பூசி போட்ட அன்று இரவு காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடு இழுப்பு வந்தது. அரை மணி நேரம் நிற்கவில்லை. வீட்டில் இருந்தவர்கள் குழந்தையின் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். இவள் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். அதற்குப் பிறகு காய்ச்சல் வந்தால் இழுப்பு, சூடான தண்ணீரில் குளிப்பாட்டினால் இழுப்பு, கடைசியில் காரணமே இல்லாமல் இழுப்பு. ஒன்றரை வயதில் பேசத் தொடங்கிய சில சொற்களும் நின்றுபோயின.

குற்றப்பத்திரிகை உடனே தயாரானது. ஊசி போட அழைத்துப் போனவள் அவள். தலைக்குத் தண்ணீர் ஊற்றியவள் அவள். மாசமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே வந்தவள் அவள். இவை எல்லாம் போதாதபோது கடைசித் தீர்ப்பு: "அவ வூட்டு ரத்தம்." குழந்தைக்கு இரண்டு வயது முடியும் முன்பே அவளையும் மகளையும் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புருஷனுக்கு வேறு பெண் பார்க்கலாமா என்ற பேச்சும் தொடங்கியது.

அப்புறம் ஒருநாள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். "அப்பா வீட்ல யாருக்காவது?" அன்று ஏதோ கையெழுத்துக்காகத் துணைக்கு வந்திருந்த மாமியார், யோசிக்காமல் சொன்னார்: "அவனுக்கும் சின்னதுல ஜொரம் வந்தா இழுக்கும். அது ஆறு வயசுல தானா நின்னுபோச்சு. அவன் சித்தப்பனுக்குத்தான் கடைசிவரைக்கும் இருந்துச்சு."

இந்த மூன்று வாக்கியத்தை வாங்க அந்தப் பெண்ணுக்கு இரண்டரை வருடம் ஆனது. இரத்தப் பரிசோதனை முடிவும் அதையே சொன்னது. மகளுக்கு இருந்த மரபணுத் திரிபு தகப்பனுக்கும் இருந்தது. தாய்க்கு இல்லை.

என் கோபம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்தத் தகப்பன்மீது அல்ல. அவர் தன் உடலில் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. பிறக்கும்போதே எழுதப்பட்டு வந்ததைத் தெரியாமல் கொடுத்தார். தாயின் இரத்தம் என்று சந்தேகப்பட்டபோது தாயை வீட்டைவிட்டு அனுப்பியவர்கள், தகப்பனின் இரத்தம் என்று தெரிந்தபோது யாரை எங்கே அனுப்பினார்கள்? யாரையும் எங்கேயும் இல்லை. "எல்லாம் கடவுள் செயல்" என்றார்கள். பெண் வழியாக வந்தால் பாவம், ஆண் வழியாக வந்தால் விதி. இந்த இரட்டைத் தராசைத்தான் எதிர்க்கிறேன்.

அறிவியல் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். அதைத் தெரிந்துகொள்ளாமல் வாதாடினால் நம்மை வாயடைக்க இன்னொரு சாவியைக் கையில் திணிப்பார்கள்.

ஒவ்வொரு மரபணுவிலும் நமக்குப் பெரும்பாலும் இரண்டு படிகள் இருக்கின்றன. ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தகப்பனிடமிருந்து. மூளை நரம்புகளில் மின்சாரம் பாய்வதற்குச் சோடியம் அணுக்களை உள்ளே விடும் நுண்ணிய வாயில்கள் உண்டு. அந்த வாயிலைக் கட்டும் செய்முறை எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவில் இருக்கிறது. மூளையைக் கட்டுப்படுத்தி அடக்கி வைக்கும் நரம்பணுக்களுக்கு இந்த வாயில் மிகவும் தேவை. அதில் ஒரு படி பழுதானால் அடக்குபவை சோர்ந்துபோகும், மற்றவை கட்டுமீறும். காய்ச்சலில் உடல் சூடேறும்போது அது வலிப்பாக வெடிக்கும்.

1997இல் ஆஸ்திரேலியாவில் இங்ரிட் ஷெஃபரும் சாமுவேல் பெர்கோவிக்கும் ஒரு பெரிய குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து ஒன்றைக் காட்டினார்கள். ஒரே குடும்பத்தில் ஒருவருக்குச் சிறுவயதில் காய்ச்சல் வலிப்பு மட்டும் வந்து நின்றுவிடுகிறது. இன்னொருவருக்குப் பெரியவரான பிறகும் தொடர்கிறது. வேறொருவருக்கு வலிப்போடு வளர்ச்சியும் பாதிக்கப்படுகிறது. சிலருக்கு ஒன்றுமே இல்லை. இவை தனித்தனி நோய்களல்ல, ஒரே வேரின் பல கிளைகள். இப்படிப்பட்ட சில குடும்பங்களில் எஸ்சிஎன்1ஏ மாறியிருப்பதை 2000இல் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே, கடுமையான வலிப்பும் வளர்ச்சிக் குறையும் சேர்ந்த டிராவே நோய்க்குறிக் குழந்தைகளிடமும் அதே மரபணுவில் திரிபு இருப்பது தெரிந்தது.

ஆக, தகப்பனுக்கு ஆறு வயதில் நின்றுபோனதும் மகளின் பேச்சைப் பறித்ததும் ஒரே எழுத்துப் பிழையாக இருக்கலாம். 'அவனுக்குச் சரியாப்போச்சே, இவளுக்கு மட்டும் ஏன்? வளர்ப்புச் சரியில்லை' என்ற பேச்சுக்கு இனி இடமில்லை. ஒரே திரிபு ஆளுக்கு ஆள் வேறுவிதமாக வெளிப்படுவது மரபியலில் அன்றாடம். கூட இருக்கும் மற்ற மரபணுக்கள், உடலில் எத்தனை அணுக்களில் அந்தத் திரிபு இருக்கிறது என்பது போன்ற பல காரணங்கள் அதில் உண்டு. தாயின் கைப்பக்குவம் அந்தப் பட்டியலில் இல்லை.

தடுப்பூசிக் குற்றச்சாட்டுக்கும் பதில் வந்துவிட்டது. தடுப்பூசியால் மூளை பாதிக்கப்பட்டது என்று கருதப்பட்ட 14 பேரைப் பெர்கோவிக் குழு 2006இல் பரிசோதித்தது. அவர்களில் 11 பேரிடம் எஸ்சிஎன்1ஏ திரிபு இருந்தது. ஊசிக்குப் பின் வந்த காய்ச்சல் முதல் வலிப்பைத் தூண்டியிருக்கலாம், நோய் முன்பே உள்ளே இருந்தது. ஊசி போட அழைத்துப் போன எத்தனை தாய்மார்கள் தங்களையே சபித்துக்கொண்டு வாழ்ந்திருப்பார்கள்!

இன்னும் ஒன்று. டிராவே குழந்தைகளில் பெரும்பாலானவர்களின் திரிபு தாயிடமும் இல்லை, தகப்பனிடமும் இல்லை. கருவாகும் நேரத்தில் புதிதாக எழுந்தது. இப்படிப் புதிதாக எழும் எழுத்துப் பிழைகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு தகப்பன் வழியாக வருபவை என்பது மனித மரபியலில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. விந்தணுக்கள் வாழ்நாள் முழுக்கப் படியெடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன, படியெடுக்க எடுக்கப் பிழை சேர்கிறது. ஆணுக்கு வயது கூடக் கூடப் பிழையும் கூடுகிறது. பெண்ணுக்கு முப்பது தாண்டினால் 'வயசாயிடுச்சு' என்கிற ஊர், நாற்பது வயது மாப்பிள்ளையை ஒருவார்த்தை கேட்பதுண்டா?

பிசிடிஎச்19 என்ற மரபணுவின் கதை இன்னும் விசித்திரமானது. 1971இல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு குடும்பத்தில் பெண்களுக்கு மட்டும் வலிப்பும் அறிவு வளர்ச்சிக் குறையும் வருவதைப் பதிவுசெய்தார்கள். அதற்குக் காரணமான மரபணு 2008இல்தான் பிடிபட்டது. அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. திரிபுள்ள ஆணுக்கு உடல் முழுக்க ஒரே வகை அணு, அதனால் பெரும்பாலும் அவனுக்கு வலிப்பு வருவதில்லை. பெண் உடலிலோ சில அணுக்களில் நல்ல படியும் சில அணுக்களில் பழுதான படியும் வேலை செய்கின்றன. இரண்டு வகையும் ஒன்றோடொன்று சேர முடியாமல் குழம்பும்போது நோய் வருகிறது. தகப்பன் தன் ஒரே எக்ஸை எல்லா மகள்களுக்கும் கொடுக்கிறான், மகனுக்குக் கொடுப்பதில்லை. எண்ணிப் பாருங்கள்: ஆரோக்கியமான ஆண், மூன்று மகள்களுக்கும் வலிப்பு, ஒரே மகன் நன்றாக இருக்கிறான். நம் ஊர் இதற்கு என்ன தீர்ப்பு எழுதும் என்று சொல்லவும் வேண்டுமா? 'பொட்டப்புள்ளையா பெத்தா, அதையும் நோயோட பெத்தா.'

"இதெல்லாம் சொந்தத்துல கட்டுனதால வந்தது" என்பவர்கள் உண்டு. இவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டு படிகளும் பழுதானால் மட்டுமே வரும் நோய்கள் இருக்கின்றன. தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பழுதான படியோடு நோயில்லாமல் இருப்பார்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. இரத்த உறவில் மணந்தால் இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடும். மாமன் மகளையோ அத்தை மகளையோ மணப்பதைவிடத் தாய்மாமனுக்கே அக்காள் மகளைக் கொடுக்கும்போது அது இன்னும் இரண்டு மடங்கு. தமிழ்நாட்டில் இந்த வழக்கம் இன்றும் பரவலாக இருக்கிறது, இதைக் கைவிடச் சொல்ல நல்ல காரணங்களும் இருக்கின்றன.

ஆனால் மேலே சொன்ன எஸ்சிஎன்1ஏ, பிசிடிஎச்19 போன்றவற்றுக்கு ஒரே ஒரு பழுதான படி போதும். அங்கே சொந்தமும் அந்நியமும் ஒன்றுதான். இரண்டு படியும் பழுதான நோய்களிலோ பங்கு சரிபாதி, தாய் அளவுக்குத் தகப்பனும் கொடுத்திருக்கிறான். அதோடு, தாய்மாமனுக்கு வாழ்க்கைப்பட்டவளிடம் 'உன் அம்மா வூட்டு ரத்தம்' என்று சொல்லும் மாமியார் யார்? அவளுடைய சொந்த அம்மாயி. அந்த 'அம்மா வீடு' அவர் வீடுதான். நிலம் வெளியே போகக் கூடாது, நகை வெளியே போகக் கூடாது என்று கணக்குப் போட்டு அந்தக் கல்யாணத்தை முடித்தவர்கள் பெரியவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணிடம் சம்மதம்கூடக் கேட்கவில்லை. விளைவு வந்தபோது மட்டும் கணக்குப் புத்தகம் அவள் பெயருக்கு மாறுகிறது.

மானம் போய்விடும் என்று ஆண் வீட்டு நோயை மறைப்பதால் வெறும் மனவருத்தம் மட்டும்தான் வருகிறதா? இல்லை, குழந்தையின் மூளையே போகிறது. நம் மருந்துக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வலிப்பு மாத்திரைகள் கார்பமசெபின், ஃபெனிடாய்ன். பலருக்கு அவை நல்ல மருந்துகள். ஆனால் அவை சோடியம் வாயிலை அடைத்து வேலை செய்பவை. ஏற்கெனவே அந்த வாயில் பழுதான டிராவே குழந்தைக்கு அவை வலிப்பைக் கூட்டிவிடலாம். எங்கள் தெருக் குழந்தைக்கும் ஒரு மருத்துவமனையில் கார்பமசெபின்தான் ஆரம்பித்தார்கள், அதற்குப் பின் வலிப்பு கூடியது. 'அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இருந்தது' என்ற ஒரு வரி முதல் நாளே அந்தச் சீட்டில் ஏறியிருந்தால் மருத்துவர் வேறுவிதமாக யோசித்திருக்க வாய்ப்பு உண்டு. (இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மருத்துவரிடம் கேளுங்கள், குடும்ப வரலாற்றை முழுதாகச் சொல்லுங்கள்.)

பைரிடாக்சின் சார்ந்த வலிப்பு என்று ஒன்று உண்டு. இரண்டு படியும் பழுதாகும்போது வருவது. பிறந்த சில நாளிலேயே இழுப்பு தொடங்கும், வழக்கமான மருந்துகளுக்கு அடங்காது. பி6 வைட்டமின் கொடுத்தால் அடங்கும். வாழ்நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். 'முதல் புள்ளையும் இப்படித்தான் இழுத்து இழுத்துச் செத்துச்சு' என்று ஒரு தாய் பயமின்றிச் சொல்ல முடிந்தால், அடுத்த பிள்ளைக்கு அந்த மலிவான மருந்து முதல் நாளே கிடைக்கும். அவள் ஏன் சொல்வதில்லை? சொன்னால் ராசியில்லாதவள் ஆகிவிடுவாள்.

எல்லா வலிப்பும் பரம்பரையில் வருவதல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிரசவத்தில் குழந்தைக்கு மூச்சுத் திணறுவது, மூளைக் காய்ச்சல், தலைக்காயம், நாடாப்புழு முட்டை மூளையில் கட்டியாவது என்று காரணங்கள் பல. இவற்றில் பலவும் நல்ல பிரசவ அறையும் சுத்தமான தண்ணீரும் கழிப்பறையும் இருந்தால் தடுக்கக்கூடியவை. கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டிய ஓர் ஊரிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருவதற்குள் அரை மணி வலிப்பு ஒரு மணி வலிப்பாகிவிடும். அதை 'ரத்தம்' என்று சொல்லிவிட்டால் அரசாங்கத்துக்கும் வசதி, குடும்பத்துக்கும் வசதி. சாலை போடாததற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சட்டமும் நெடுநாள் மாமியார் பக்கம்தான் நின்றது. 1976இல் திருத்தப்பட்ட இந்து திருமணச் சட்டம், அடிக்கடி வலிப்பு வருபவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர் என்றது. அதைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்க முடிந்தது. 1999இல் வந்த திருத்தம்தான் 'வலிப்பு' என்ற சொல்லை இந்தச் சட்டத்திலிருந்தும் சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் நீக்கியது. கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் யாரும் அந்தத் திருத்தத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. மாப்பிள்ளைக்கு வலிப்பு என்றால் 'கல்யாணம் ஆனா சரியாப்போயிடும்' என்று மறைத்துக் கட்டிவைக்கிறார்கள். பெண்ணுக்கு என்றால் அவளிடம் மாத்திரையை மறைக்கச் சொல்கிறார்கள். புகுந்த வீட்டில் பயந்து பயந்து மாத்திரையைத் தவறவிட்டு, அடுப்படியிலும் கிணற்றடியிலும் விழுகிறவள் அவள்.

பிள்ளை பெறலாமா என்ற கேள்வியிலும் இதே அநியாயம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் சஞ்சீவ் தாமஸ் தலைமையில் 1998இல் வலிப்புள்ள கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பதிவுசெய்யத் தொடங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆரோக்கியமான பிள்ளைகளைப் பெற்றிருக்கிறார்கள். உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. வால்ப்ரோயேட் என்ற மாத்திரையைக் கர்ப்பத்தில் எடுத்தால் பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கு உடற்குறையும், பத்தில் மூன்று நான்கு பேருக்கு வளர்ச்சிச் சிக்கலும் வரலாம். ஐரோப்பாவில் 2018 முதல் கடும் நிபந்தனைகளோடுதான் அதைப் பெண்களுக்குக் கொடுக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்பே மாற்று மருந்து பற்றிப் பேசப்பட வேண்டிய எத்தனை பெண்களிடம் இங்கே யார் பேசியிருக்கிறார்கள்? பேசாமல் இருந்துவிட்டு, பிறந்த பிள்ளைக்குக் குறை என்றால் அதையும் 'ரத்தம்' என்று எழுதிவிடுகிறோம்.

இப்போது மரபணுப் பரிசோதனை வந்துவிட்டது. தனியாரிடம் பல ஆயிரம் ரூபாய் செலவாகும். கரும்பு வெட்டும் கூலியில் அது எத்தனை மாதம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். விலை ஒருபுறம் இருக்கட்டும், எனக்கு இன்னொரு பயம் உண்டு. சரியான கேள்வி இல்லாத கையில் இந்தப் பரிசோதனை புது ஜாதகமாகிவிடும். 'பொண்ணோட ஜீன் ரிப்போர்ட் எங்கே?' என்று கேட்பார்கள், மாப்பிள்ளையிடம் கேட்க மாட்டார்கள். பெண்களுக்கு மட்டும் வரும் நோய் என்று தெரிந்தால் பெண் கருவையே வேண்டாம் என்பார்கள். 1994இன் சட்டம் பாலினம் தேர்வதைத் தடுத்தும் நம் நாட்டில் அது நின்றுவிடவில்லை. 'இப்படிப்பட்டவங்க பெத்துக்கவே கூடாது' என்ற குரலும் வரும். அது சொல்வது ஒருபோதும் ஆணின் காதில் அல்ல.

எனவே கேட்பது இவை. குழந்தைக்குப் பரிசோதனை என்றால் தாய், தகப்பன் இருவருக்கும் ஒன்றாகச் செய்ய வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளில் அது இலவசமாக இருக்க வேண்டும். முடிவை மூடிய அறையில், தமிழில், இருவரையும் உட்காரவைத்து, நேரம் எடுத்துச் சொல்லும் மரபணு ஆலோசகர் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வலிப்பு மாத்திரை தீராமல் இருக்க வேண்டும். மாத்திரை எழுதும்போதே பெண்ணிடம் கர்ப்பம் பற்றிப் பேச வேண்டும். பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்ற முடிவு கடைசியில் அவளுடையது. பாதிக்கப்பட்டுப் பிறந்த பிள்ளைக்குப் பள்ளியும் பேச்சுப் பயிற்சியும் அவளுடைய தனிப்பட்ட தவம் அல்ல, அரசின் கடமை.

திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். புத்தூரில் சடங்கவியார் மகளோடு சுந்தரருக்குத் திருமணம் நடக்கும் நேரத்தில் ஒரு கிழவர் வருகிறார். 'உன் பாட்டன் எனக்கு அடிமை ஓலை எழுதிக் கொடுத்திருக்கிறான், அவன் வழி வந்த நீயும் அடிமை' என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். அது படி, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் கிழவர். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் பாட்டனின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து, ஓலை மெய் என்று தீர்ப்பாகிறது. வந்தவர் சிவன் என்பதால் கதை பக்தியில் முடிகிறது.

சிறுவயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்த எனக்கு வேறொன்று உறுத்துகிறது. ஓலை எழுதியவன் மாப்பிள்ளையின் பாட்டன். கிழித்தவர் மாப்பிள்ளை. மணப்பந்தலில் தனியாக விடப்பட்டவள் பெண். சுந்தரருக்குப் பின்னர் பரவையாரும் சங்கிலியாரும் மனைவியராக வந்தார்கள். அவளோ அவரையே நினைத்திருந்து சிவலோகம் சேர்ந்தாள் என்று புராணம் முடித்துவிடுகிறது. அவள் இன்றும் 'சடங்கவியார் மகள்' மட்டும்தான்.

ஆனாலும் அந்தச் சபை ஒன்றைச் சரியாகச் செய்தது. பாட்டன் எழுதிய ஓலையைப் பாட்டனின் கையெழுத்தோடுதான் ஒப்பிட்டுப் பார்த்தது. பெண் வீட்டுக் கையெழுத்தைத் தேடவில்லை. நம் மருத்துவமனைகளும் வீடுகளும் அந்த அளவுக்காவது வர வேண்டும்.

இதைப் படிக்கிற பெண்களே, மாணவிகளே, இன்று இரவு வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள். அப்பா வீட்டில் யாருக்குச் சின்ன வயதில் இழுப்பு வந்தது? எந்தச் சித்தப்பாவைக் கிணற்றுப் பக்கம் விடாமல் வைத்திருந்தார்கள்? எந்த அத்தையைக் கட்டிக்கொடுக்காமலே வைத்திருந்தார்கள்? கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள், இரண்டு வீட்டையும் எழுதுங்கள். அடுத்தமுறை மருத்துவர் 'உங்க வூட்ல' என்று கேட்டால் அந்தத் தாளைக் கொடுங்கள்.

எங்கள் தெருப் பெண் இன்னும் தன் தாய் வீட்டில்தான் இருக்கிறாள். மருந்து மாற்றிய பிறகு மகளுக்கு வலிப்பு குறைந்திருக்கிறது. நாலைந்து சொற்கள் திரும்பி வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று 'அப்பா'. அதைக் கேட்க அவர் இன்னும் வரவில்லை.